மறுப்பறிஞர் பேரவையில் ஓர் உண்மை மனிதர்

கோபிகிருஷ்ணன் அன்று திருப்பதிக்கு வந்தது பெண் பார்க்க. பொருளாதாரத்தின் மேல் அவனுக்கு எந்தக் கோபமும் இல்லை.

ஸ்ரீசிட்டியில் ஏ.சி. குழாய் செய்யும் கம்பெனியில் அவனுக்கு மெயின்டெனன்ஸ் வேலை. வரதய்யபாளையத்தில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். சொந்த ஊர் திருத்தணிப் பக்கம். இதற்கு முன் பார்த்த வரன்கள் எல்லாமே தட்டிப்போயிருந்தன. பெண் வீட்டார் முன்னால் உட்கார்ந்தால் அவனுக்கு வாய் கட்டிக்கொள்ளும். கேட்ட கேள்விக்கெல்லாம் அக்கா வசந்தாதான் பதில் சொல்வாள். ஏர்பேட்டில் ஒரு வீட்டில், "பையனுக்குப் பேச வருமா?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டார்கள். அதற்கும் வசந்தாவே பதில் சொன்னாள்.

இந்த முறை பெண் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். பெயர் தேன்மொழி. வீடு சித்தூர். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். கூட்டமாக யாரும் வரவேண்டாம், மாப்பிள்ளை தனியாக வரட்டும், தன்னோடு கோவர்த்தனன் மாமா மட்டும் வருவார், ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

பஸ் ரேணிகுண்டா தாண்டும்போதே வசந்தாவின் போன் வந்துவிட்டது.

"டேய், இந்த தபா நான் இல்ல. வாயத் தொறந்து பேசு. ஊமையாட்டம் குந்திக்கினு இருக்காத."

"சரிக்கா."

"பாரு, இப்பவும் 'சரிக்கா'ன்றான். கான்ட்ராக்ட்டுன்னு மட்டும் சொல்லிடாத. புரோக்கரு பர்மனென்ட்டுன்னு சொல்லி வச்சிருக்காரு."

"சரிக்கா."

ஓட்டலுக்கு அவன் முன்கூட்டியே வந்துவிட்டான். சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. முகம் கழுவலாம் என்று போனால், அங்கே பாத்ரூமில் குழாய் வேலை நடந்துகொண்டிருந்தது. சர்வர் மாடியைக் கைகாட்டினார். மாடியில் ஒரு பெரிய ஹால். வாசலில் துணிப் பதாகை: 'சமநிலைப் பள்ளி மறுப்பறிஞர் பேரவை – ஆண்டு மாநாடு'. அதன் கீழே யஸ்வந்த் என்ற செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய செல்போன்கள்.

"போன் இக்கட பெட்டண்டி அண்ணா."

"நான் பாத்ரூமுக்குங்க."

"அது லோபலதான் உந்தி, உள்ள. யாரா இருந்தாலும் போன் வெச்சிட்டுதான் போவணும். பெத்த சார் ஆர்டர்."

இந்த ஆர்டருக்குக் காரணம் இருந்தது. போன ஆண்டு ஓர் உறுப்பினர் தலைமை உரையைப் போனில் பதிவு செய்து எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் தங்கள் இதழின் நகைச்சுவைப் பகுதியில் அச்சிட்டுவிட்டார்கள்.

கோபிகிருஷ்ணன் போனைக் கூடையில் வைத்துவிட்டு உள்ளே போனான். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தவனை ஒரு பெரியவர் வழிமறித்தார். நெற்றியில் திருமண், தோளில் சால்வை. அவர்தான் பேரவைத் தலைவர் பேராசிரியர் வெங்கடராகவன்.

"நீங்க பேரவையில உறுப்பினரா?"

"இல்லீங்க."

"பொருளாதாரம் படிச்சிருக்கேளா?"

"ஐ.டி.ஐ. ஃபிட்டர் சார்."

பேராசிரியரின் கண்கள் கலங்கின. "வேலைக்குப் போறேளா? சம்பளம் வாங்கறேளா? செலவும் பண்றேளா?"

"பண்றேன் சார்."

"பெருமாளே அனுப்பிச்சிருக்கார்" என்று சொல்லி அவர் கோபிகிருஷ்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். சமநிலைப் பள்ளி என்பது பேரியல் பொருளாதாரத்தில் நெடுநாளாகக் கோலோச்சிவரும் சிந்தனைப் பிரிவு. சந்தையைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் நாட்டில் எல்லாம் தானாகவே சமநிலைக்கு வந்துவிடும் என்பது அதன் கொள்கை. அதை மறுப்பதற்காகவே இந்தப் பேரவை ஏற்பட்டது. சமநிலைப் பள்ளியின் சமன்பாடுகளில் உண்மையான மனிதர்களே இல்லை என்பது பேரவையின் தலையாய குற்றச்சாட்டு. எனவே இந்த ஆண்டு மேடையிலேயே ஓர் உண்மை மனிதரை உட்காரவைப்பது என்று செயற்குழு முடிவு செய்திருந்தது. பேரவையின் கட்டுரைகளில் அடிக்கடி வரும் சித்தூர் மாந்தோப்பு விவசாயி ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் கடைசி நேரத்தில், லாரியில் மாங்காய் ஏற்ற வேண்டியிருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டார். அவரைப் பற்றி அவ்வளவு எழுதியவர்களில் ஒருவருக்கும் அவருக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று தோன்றியதில்லை.

"சித்த நாழி மேடையில உட்கார்ந்தா போறும்" என்றார் வெங்கடராகவன்.

மறுப்பதற்குள் யாரோ ஓர் அட்டையை அவன் கழுத்தில் மாட்டினார்கள். அதில் 'உண்மை மனிதர்' என்று அச்சடித்திருந்தது. யாரோ அவனை மேடை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யஸ்வந்த் வெளியிலிருந்து கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

பூட்டுக்கும் காரணம் இருந்தது. மாநாட்டைத் திருப்பதியில் வைத்தால்தான் உறுப்பினர்கள் வருகிறார்கள். வந்தபின் மலைக்குப் போய்விடுகிறார்கள். சென்ற மாநாட்டில் தீர்மானத்தை ஆதரிக்கத் தலைவரையும் மைக்செட்காரரையும் தவிர யாரும் மிஞ்சவில்லை. ஆகவே இந்த முறை, தீர்மானம் நிறைவேறும்வரை எவரையும் உள்ளே விடலாம், ஒருவரையும் வெளியே விடக்கூடாது என்று யஸ்வந்துக்கு உத்தரவு.

வெங்கடராகவன் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"அன்பார்ந்த மறுப்பறிஞர்களே! முப்பது ஆண்டுகளாக நாம் கேட்டுவரும் கேள்வி, மனிதன் எங்கே? சமநிலைப் பள்ளியார் தங்கள் கணக்குக்கு வசதியாக ஒரு கற்பனை மனிதனைப் படைத்தார்கள். அவனுக்கு எதிர்காலம் தெரியும். அவனுக்குச் சாவு கிடையாது. அவனுக்கு வேலை போனால், ஓய்வு எடுத்துக்கொள்கிறான் என்று எழுதினார்கள். அந்த ஒருவனையே கோடிக்கணக்கான மக்களுக்குப் பிரதிநிதி என்றார்கள். என்ன கொடுமை! ஒரு தனி மனிதன் எப்படி எல்லோருக்கும் பிரதிநிதியாக முடியும்?" அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "ஆகவேதான் நாம் இன்று ஒருவரை அழைத்து வந்திருக்கிறோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"ஐயா, உங்களுக்கு எதிர்காலம் தெரியுமா?"

"தெரியாதுங்க."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"உங்களுக்குச் சாவு உண்டா?"

கோபிகிருஷ்ணன் தயங்கினான். "உண்டு சார்."

மறுபடியும் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்து அவன் அட்டையைக் கழற்றப் போனான். அந்த மனிதர் விம்மத் தொடங்கியதால் மறுபடி மாட்டிக்கொண்டான்.

அப்போது பேராசிரியை நாமகிரி எழுந்தார். பேரவைக்குள் பல அணிகள் உண்டு. சமநிலைப் பள்ளியின்மேல் அவர்களுக்கு இருந்த கோபத்தைவிட ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த கோபம் அதிகம். நாமகிரி எதிரணியின் தலைவி. அவரும் வெங்கடராகவனும் நேருக்கு நேர் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"அவைக்கு ஒரு ஆட்சேபணை. இவர் உண்மையானவர் என்பதற்கு ஆதாரம் என்ன? இவரே சொல்வதுதானே? ஒரு மனிதரின் பேச்சை நம்பி மனிதரைப் பற்றி எழுதுவது ஆராய்ச்சி ஆகாது. என் ஆய்வுக்காலம் முழுவதும் நான் ஒரு மனிதரைக்கூடச் சந்தித்ததில்லை. என் முடிவுகள் அதனால் எந்த விதத்திலும் பாதிக்கப்பட்டதில்லை."

உடனே அணிக்கு ஒருவர் வீதம் எடுத்து 'உண்மைத்தன்மை ஆய்வுக் குழு' அமைத்தார்கள். காலையில் என்ன சாப்பிட்டான் என்று குழு கேட்டது. இட்லி, வடை என்றான். இட்லியைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழவில்லை. வடையை அவனே விரும்பிச் சாப்பிட்டானா, சமூக அமைப்பு அவனைச் சாப்பிட வைத்ததா என்பதில் குழு இரண்டாக உடைந்தது. உடைந்த இரண்டும் தனித்தனியாக அறிக்கை வாசித்தன.

இதற்கிடையில் கதவுக்கு வெளியே கூடையில் அவனுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரிங்டோனை வைத்து அடையாளம் கண்டுகொண்டான். கடைசியில் எழுந்து நின்றுவிட்டான்.

"சார், நான் கீழ போவணும். பொண்ணு பாக்க வந்திருக்கேன். அவங்க வந்துட்டாங்க போலருக்கு."

ஹாலில் பரபரப்பு. திருமணத்தையும் சமநிலைப் பள்ளி ஒரு சந்தையாகத்தான் பார்க்கிறது என்று ஒருவர் விளக்கினார். போகவிடலாம் என்று வெங்கடராகவன் அணி சொல்லிற்று. நாமகிரி மைக்கைக் கையில் எடுத்தார்.

"சற்று யோசியுங்கள். இவர் கீழே போகிறார். பெண்ணைப் பிடித்துவிடுகிறது. அவளுக்கும் இவரைப் பிடித்துவிடுகிறது. அப்போது என்ன ஆகும்? முன்பின் தெரியாத இருவர், யாருடைய தலையீடும் இல்லாமல், தாமாகவே ஒத்துப்போனார்கள் என்று ஆகும். அது சமநிலை அல்லாமல் வேறென்ன? எதிரிக்கு நம் மாநாட்டிலிருந்தே ஆதாரம் போகலாமா?"

வெங்கடராகவனுக்கு முகம் வெளுத்தது. 'உண்மை மனிதர் கீழே செல்வதைப் பேரவை கொள்கையளவில் வரவேற்கிறது. எனினும் இப்போதைக்கு அவர் செல்லாமல் இருப்பதே பொருத்தம் எனக் கருதுகிறது' என்று துணைத்தீர்மானம் எழுதப்பட்டது. பேரவையின் வரலாற்றில் எல்லா அணிகளும் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அதுதான். கோபிகிருஷ்ணன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

சற்றைக்கெல்லாம் பூட்டு திறந்தது. இளம்பச்சைச் சுடிதாரில் ஒரு பெண் உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு மறுபடி பூட்டிக்கொண்டது.

"இங்க கோபிகிருஷ்ணன்னு யாரு?"

ஹால் முழுவதும் மேடையைக் கைகாட்டிற்று.

"நீங்கள் யாரம்மா?" என்றார் வெங்கடராகவன்.

"அவரு பாக்க வந்த பொண்ணு. கீழ குந்திக்கினு இருந்தேன், ஆளு வரல. போன் பண்ணா செக்யூரிட்டி எடுத்து, 'உண்மை மனிதர் லோபல மீட்டிங்ல இருக்காரு'ன்றாரு. அதான், நானே பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் கீழே போகக்கூடாது என்றுதான் தீர்மானம் இருந்தது. அவள் மேலே வருவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அணித்தலைவர்கள் கூடிக் கூடிப் பேசி, பேரவையின் கண்காணிப்பில் சந்திப்பு நடக்கலாம், அப்படி நடந்தால் அதைத் தானாக நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது என்று முடிவுக்கு வந்தார்கள். மேடையில் எதிரெதிராக இரண்டு நாற்காலி போட்டார்கள். ஹாலில் எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

தேன்மொழி முன்னால் இருந்த மைக்கைத் திருப்பி வைத்தாள்.

"இன்னா இது கழுத்துல?"

"தெரியலீங்க. மாட்டி உட்டாங்க."

"கழட்ட வேண்டியதுதான?"

"கழட்டினா அங்க ஒருத்தரு அழுவுறாரு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "யாரு எதக் கொண்டாந்து மாட்டினாலும் அப்படியே மாட்டிக்கினு குந்திக்குவீங்களா?"

அவன் யோசித்தான். "பெரும்பாலும் அப்படித்தாங்க."

"பின்வரிசைக்குக் கேட்கவில்லை!" என்று ஒரு குரல் வந்தது. "எதிர்காலம் குறித்த எதிர்பார்ப்புகளைத் தெளிவாகச் சொல்லவும்!"

"கம்பெனில பர்மனென்ட்டுன்னு புரோக்கரு சொன்னாரு" என்றாள் அவள், இன்னும் தாழ்ந்த குரலில்.

கோபிகிருஷ்ணன் ஹாலை ஒரு தடவை பார்த்தான். "இல்லீங்க. கான்ட்ராக்ட்டு. வருஷா வருஷம் மாத்தி எழுதுவாங்க. எழுதலன்னா வேற எடம் பாக்கணும். அக்கா சொல்ல வேணாம்னு சொன்னாங்க."

"அப்பறம் ஏன் சொல்றீங்க?"

"காலைலர்ந்து இங்க எல்லாரும் என்னப் பத்தியே பேசிக்கினு இருக்காங்க. ஒண்ணுகூட என்னப் பத்தி இல்ல. நானாவது சரியா ஒண்ணு சொல்லலாம்னு தோணுச்சுங்க."

தேன்மொழி நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "எனக்கு ஒரு தபா நிச்சயம் ஆயி நின்னுபோச்சு" என்றாள். "வேலய உட்டுடுன்னாங்க. மாட்டேன்னேன். மாமா இத உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

"நல்லதாப் போச்சு" என்றான் அவன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று உறைத்துக் காது சிவந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வெங்கடராகவனின் போன் அடித்தது. தலைவர் என்ற முறையில் அவர் ஒருவருக்கு மட்டும் கூடையிலிருந்து விலக்கு. கேட்டுக்கொண்டே இருந்தவர் மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பிரஹ்லாத்..." என்றார். "சென்னையில சமநிலைப் பள்ளிக்குத் தலைவனா இருக்கானே, என் பழைய மாணவன்... காலம்பரவே பத்திரிகைக்காராளைக் கூப்பிட்டு, மறுப்பறிஞர்கள் சொன்னதெல்லாம் சரி, நாங்க எல்லாத்தையும் ஒத்துக்கறோம்னு சொல்லிட்டானாம்."

முன்வரிசைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தேன்மொழி ஓடிப்போய் நாடி பார்த்துத் தண்ணீர் கொடுத்தாள்.

வெங்கடராகவன் தட்டுத்தடுமாறி எழுந்து மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, இதைவிடக் கீழ்த்தரமான தாக்குதலை நாம் சந்தித்ததில்லை. அவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டால் நாம் யாரை மறுப்பது? நம் துறைக்கு என்ன பெயர்? அவர்கள் தொடர்ந்து தவறு செய்வார்கள் என்ற நம்பிக்கையில் நான் புத்தகங்கள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். என் மாணவர்களின் எதிர்காலம் என்ன? மக்கள் கஷ்டப்படுவது வேறு விஷயம், அது நமக்குப் பழகியது. இது நம் வயிற்றில் அடிப்பது!"

நாமகிரி மேடைக்கு வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு வெங்கடராகவனை நேராகப் பார்த்து, "அழாதீங்கோ. நாங்கள்லாம் இருக்கோம்" என்றார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"சார், நான் பிரஹ்லாத் வந்திருக்கேன். மாலை கொண்டு வந்திருக்கேன். நேர்லயே ஒத்துக்கணும்னு எல்லாருமா வேன்ல வந்தோம். திறக்கச் சொல்லுங்கோ."

"விடாதீர்கள்!" என்று நாமகிரி கத்தினார். யஸ்வந்த் பூட்டைத் திறப்பதற்குள் பேராசிரியர்கள் பாய்ந்து உள்தாழ்ப்பாளைப் போட்டார்கள். நாற்காலிகளைத் தூக்கிவந்து கதவில் அணைத்து அடுக்கினார்கள். எந்த அணியின் நாற்காலி என்று யாரும் பார்க்கவில்லை.

"உன் ஒப்புதலை மறுக்கிறோம்!" என்றார் வெங்கடராகவன்.

வெளியே கொஞ்சம் கலந்தாலோசனை நடந்தது. பிறகு பிரஹ்லாத்தின் குரல் வந்தது. "அந்த மறுப்பையும் ஏத்துக்கறோம் சார்!"

உள்ளே பெரிய ஓலம் எழுந்தது. இன்னும் நாற்காலிகள் போயின. மேடையில் இருந்த இரண்டும் போயின. கோபிகிருஷ்ணனும் தேன்மொழியும் சுவரோரம் நின்றார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி போட்டிருந்தது. கீழே தெருவில் ஆட்டோக்கள் ஆளேற்றிக்கொண்டிருந்தன.

"மாமா தனியா குந்திக்கினு இருக்காரு" என்றாள் தேன்மொழி. சிரிப்பு போய்விட்டிருந்தது. "அவரு கோவக்காரரு. துன்னு முடிச்சு எழுந்துட்டாருன்னா நேரா சித்தூருதான். எங்க நைனாகிட்ட போயி 'பையன் சரியில்ல'ன்னு ஒத்த வார்த்த சொன்னா போதும், முடிஞ்சுது."

கோபிகிருஷ்ணன் கதவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நாற்காலிகளின் மேல் ஏறி, கதவிடுக்கில் வாயை வைத்தான்.

"சார்... வெளிய இருக்கறவரே."

"யாரு?"

"நான் கோபிகிருஷ்ணன், ஏ.சி. கம்பெனி. சார், நீங்க எல்லாத்தையும் ஒத்துக்கினா இவங்க தொறக்கவே மாட்டாங்க சார். எதனா ஒண்ண ஒத்துக்காம இருங்க சார்."

"அதெப்படி? பத்திரிகைக்கே சொல்லியாச்சே."

"பெருசா வேணாம் சார், சின்னதா. படிக்க சொல்ல மனசுல எதனா உறுத்தியிருக்குமில்ல, அத சொல்லுங்க. எனக்குக் கல்யாணம் ஆவணும் சார்."

வெளியே காகிதம் புரளும் ஓசை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பிரஹ்லாத் பேசினார். "ஒண்ணு இருக்கு. சாரோட புத்தகத்துல நாலாவது அத்தியாயத்துல ஒரு அடிக்குறிப்பு. அதுல 'ஏறக்குறைய'ன்னு ஒரு வார்த்தை வரது. அது அங்கே தேவையில்லைங்கறது என்னோட தாழ்மையான அபிப்பிராயம்."

வெங்கடராகவன் தலையை நிமிர்த்தினார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"என்ன சொன்னான்? 'ஏறக்குறைய' தேவையில்லையா?"

முதல் நாற்காலியை அவரே இழுத்து எறிந்தார். பிறகு எல்லோரும் எறிந்தார்கள். கதவு திறந்ததும் மாலையோடு நின்ற பிரஹ்லாத்தின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "அந்த வார்த்தையிலதானேடா என் மொத்த வாதமும் நிக்கறது!"

"அந்த வார்த்தை தேவையில்லைதான்!" என்று நாமகிரி இடையில் புகுந்தார். "ஆனா இவன் சொல்ற காரணத்துக்காக இல்லே!"

ஹாலில் மறுபடி உயிர் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து சுறுசுறுப்பாக முன்னால் போனார். வேனில் வந்தவர்கள் திமுதிமுவென்று உள்ளே நுழைய, கோபிகிருஷ்ணனும் தேன்மொழியும் அவர்களை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். யஸ்வந்த் கையை நீட்டி மறித்தார்.

"தீர்மானம் அய்யிந்தா? முடிஞ்சுதா?"

"அய்யிந்தி அண்ணா" என்றான் கோபிகிருஷ்ணன், தயங்காமல். அட்டையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுக் கூடையில் தன் போனைத் தேடி எடுத்தான். தேன்மொழியும் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். யஸ்வந்த் இருவரையும் விட்டுவிட்டு, உள்ளே சண்டை ஓயாததைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று மற்றவர்களை வைத்துக் கதவைப் பூட்டினார்.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் கோவர்த்தனன் மாமா இலையில் கடைசிச் சோற்றை வழித்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்து அவருக்குக் கை நின்றது.

"இன்னாம்மா, பாக்கப் போனியா, குடித்தனம் பண்ணப் போனியா?"

"மேல கூட்டமா இருந்துச்சு மாமா."

அவர் கோபிகிருஷ்ணனை ஏற இறங்கப் பார்த்தார். சட்டை கசங்கியிருந்தது. முழங்கையில் நாற்காலி கீறிய கோடு. "குந்து தம்பி. கம்பெனி பர்மனென்ட்டுதான?"

"இல்லீங்க. கான்ட்ராக்ட்டு."

மாமா தேன்மொழியின் பக்கம் திரும்பினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அதெல்லாம் பேசியாச்சு மாமா. நீங்க மோர் ஊத்திக்கினு துன்னுங்க" என்று சொல்லிவிட்டு, சர்வரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு இலை போடச் சொன்னாள்.